பாசம் ஊசியில் வருமா?

கன்று மடியை முட்டினால் மாடு சுரப்பு விடும் என்பது மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரியும். கன்று இறந்துவிட்டால், அதன் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன்னால் நிறுத்திக் கறப்பது நம் ஊர்களில் நெடுங்காலம் இருந்த வழக்கம். பசு அந்த வைக்கோல் கன்றை நக்கிக்கொடுக்கும், பால் இறங்கும். இன்று சில இடங்களில் அந்த வேலையை ஓர் ஊசி செய்கிறது. ஊசியில் இருப்பது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன். கன்றைக் கண்டதும் பசுவின் மூளை சுரப்பதும் அதே ஆக்சிடோசின்தான்.

இந்த ஹார்மோனுக்கு ‘அன்பு ஹார்மோன்’ என்று பட்டம் கட்டியிருக்கிறார்கள். கட்டிப்பிடித்தால் சுரக்கும், சுரந்தால் பாசம் பெருகும் என்று வாட்ஸ்அப் செய்திகள் சொல்கின்றன. இணையத்தில் ஸ்பிரேயாகக்கூட விற்கிறார்கள். அப்படியானால் ஒரு கேள்வி. ஊசி போட்ட மாடு பாலைக் கொடுத்துவிடுகிறது. ஊசி போட்டவர்மேல் அதற்குப் பாசம் வருகிறதா? வருவதில்லை. பொருள் ஒன்றுதான், விளைவு வேறாகிறது. ஏன் என்று பார்த்தால், மனித உறவுகளில் மூளை ஹார்மோன்களின் பங்கு எவ்வளவு, அவற்றால் ஆகாதது எது என்பது விளங்கும்.

இரண்டு பாதைகள்

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்றொரு சிறு பகுதி இருக்கிறது. பசி, தாகம், உடல் வெப்பம் எல்லாம் அதன் கவனிப்பில்தான் நடக்கின்றன. ஆக்சிடோசின் அங்கேதான் உருவாகிறது. அங்கிருந்து அது இரண்டு வழிகளில் போகிறது. ஒரு வழி, பிட்யூட்டரி சுரப்பி மூலமாக ரத்தத்தில் கலப்பது. ரத்தத்தில் வரும் ஆக்சிடோசின் கருப்பையைச் சுருக்கும், மார்பிலுள்ள பாலை வெளியே தள்ளும். இன்னொரு வழி, நரம்பு இழைகள் மூலமாக மூளையின் மற்ற பகுதிகளுக்கே நேராகப் போவது. உறவு, பயம், நினைவு சம்பந்தப்பட்ட வேலைகளை அது செய்வது இந்த இரண்டாவது வழியில்தான்.

ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. ரத்தத்தில் உள்ள ஆக்சிடோசின் அதைத் தாண்டி மூளைக்குள் போவது மிகக் குறைவு. அதனால்தான் மாட்டுக்குப் போடும் ஊசி மடியோடு நின்றுவிடுகிறது. பிரசவத்தில் வலி வருவதற்காக ஏற்றும் மருந்தும் ஆக்சிடோசின்தான். அதுவும் கருப்பையில்தான் வேலை செய்கிறது.

முதலில் கண்டுபிடிக்கப்பட்டதும் இந்தக் கருப்பை வேலைதான். 1906-இல் லண்டனில் ஹென்றி டேல், பிட்யூட்டரியின் பின்பகுதியிலிருந்து எடுத்த சாறு பூனையின் கருப்பையைச் சுருக்குவதைக் கண்டார். அமெரிக்க வேதியியலாளர் வின்சென்ட் டு வின்யோ அந்தச் சாற்றில் இருந்த ஆக்சிடோசினின் அமைப்பை அறிந்து, ஆய்வுக்கூடத்திலேயே அதைத் தயாரித்துக் காட்டினார். 1955-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒன்பதே அமினோ அமிலங்கள் கொண்ட சின்னஞ்சிறு மூலக்கூறு இது. இதற்கு வாசோபிரசின் என்று ஓர் உடன்பிறப்பு உண்டு. ஒன்பதில் இரண்டு அமினோ அமிலங்கள் மட்டுமே மாறியிருக்கும். உடலில் நீரைத் தக்கவைப்பது அதன் முக்கிய வேலை. மூளைக்குள் அதற்கும் உறவு சம்பந்தமான வேலைகள் உண்டு.

பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கை நிறுத்தி ஆக்சிடோசின் தாய்மார்களின் உயிரைக் காக்கிறது. மாடுகளுக்கு அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று 2018-இல் மத்திய அரசு தனியார் நிறுவனங்கள் அதைத் தயாரிப்பதற்குத் தடை விதித்தது. தாய்மார்களுக்கு மருந்து கிடைக்காமல் போகும் ஆபத்தைக் கருத்தில் கொண்டு, டெல்லி உயர் நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் அந்தத் தடையை ரத்து செய்தது.

தாய் ஆடு தன் குட்டியை அறியும் விதம்

மூளைக்குள் ஆக்சிடோசின் என்ன செய்கிறது என்பதற்குத் தெளிவான விடை செம்மறி ஆடுகளிடம் கிடைத்தது. மந்தையில் ஒரே நேரத்தில் பல ஆடுகள் ஈனும். குட்டிகள் பிறந்த சிறிது நேரத்திலேயே எழுந்து நடக்கும். எது யாருடைய குட்டி என்ற குழப்பம் வரக்கூடாது. ஈன்ற இரண்டு மணி நேரத்துக்குள் தாய் ஆடு தன் குட்டியின் வாசனையைப் பிடித்துக்கொள்கிறது. அதன் பிறகு வேறு குட்டி மடியைத் தேடி வந்தால் முட்டித் தள்ளிவிடும்.

கேம்பிரிட்ஜில் கீத் கெண்ட்ரிக், பாரி கெவர்ன் ஆகியோர் 1980-களில் இதை ஆராய்ந்தார்கள். குட்டி வெளிவரும்போது பிறப்புப் பாதை விரிகிறது. அந்தச் செய்தி மூளைக்குப் போனதும், மூளைக்குள்ளேயே ஆக்சிடோசின் வெளிப்படுகிறது. அது வாசனை அறியும் பகுதியை அந்த நேரத்துக்கு மட்டும் புதிய பாடம் கற்கத் தயாராக்குகிறது. கருவுறாத ஆடுகளை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் கொடுத்துத் தயார்செய்து, மூளைக்குள் நேராக ஆக்சிடோசின் செலுத்தியபோது, பெறாத குட்டியையும் அவை தாய்போல நக்கிக்கொடுத்தன. பேறுகாலத்தில் கூடும் ஈஸ்ட்ரோஜன் மூளையை முன்கூட்டியே பதப்படுத்தி வைக்கிறது. ஆக்சிடோசின் வந்து கதவைத் திறக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தன் குட்டியைச் சேர்த்துக்கொள்வதும் பிற குட்டியைத் தள்ளிவிடுவதும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள். ஆக்சிடோசின் எல்லாரிடமும் அன்பைப் பெருக்கவில்லை. ‘இது என்னுடையது’ என்ற அடையாளத்தைப் பதிக்கிறது.

ஜோடி பிரியாத எலிகள்

அமெரிக்காவின் புல்வெளிகளில் பிரெய்ரி வோல் என்றொரு சிற்றெலி வாழ்கிறது. 1970-களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோவல் கெட்ஸ் இந்த எலிகளைப் பிடித்து எண்ணி விட்டுக்கொண்டிருந்தார். ஒரே ஆணும் பெண்ணும் சேர்ந்தே பொறியில் விழுவது திரும்பத் திரும்ப நடந்தது. சூ கார்ட்டர் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து விசாரித்தபோது, இந்த எலிகள் ஜோடியாகவே வாழ்பவை என்று தெரிந்தது. ஒரே வளையில் குடித்தனம். குஞ்சுகளை இருவரும் சேர்ந்தே பார்த்துக்கொள்கிறார்கள். பாலூட்டிகளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இனங்களில்தான் இந்தப் பழக்கம் உண்டு. நெருங்கிய உறவினமான மெடோ வோல், மலைப்பகுதி வோல் ஆகியவற்றிடம் அது இல்லை. இணை சேர்ந்ததும் அதனதன் வழியில் போய்விடும்.

ஒரே குடும்பம், ஒரே மாதிரி உடல், குணம் மட்டும் எதிரெதிர். ஆய்வாளர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. பெண் பிரெய்ரி எலியின் மூளைக்குள் ஆக்சிடோசினைச் செலுத்தினால், இணை சேராமலேயே அருகில் இருக்கும் ஆணைத் துணையாக ஏற்றுக்கொண்டது. ஆக்சிடோசின் வேலை செய்யவிடாமல் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால், இணை சேர்ந்த பிறகும் துணை என்ற ஒட்டுதல் உண்டாகவில்லை. ஆண் எலியிடம் வாசோபிரசினின் பங்கு பெரிதாக இருந்தது. துணையோடு ஒட்டுதல் வருவதும், வேற்று ஆண் வந்தால் பாய்ந்து கடிப்பதும் அதனால்தான்.

இனி முக்கியமான இடம். ஜோடி சேரும் எலிக்கும் சேராத எலிக்கும் இந்த ஹார்மோன்கள் இரண்டுமே இருக்கின்றன. வேறுபாடு ஏற்பிகளில் இருக்கிறது. ஏற்பி என்பது செல்லின்மேல் உள்ள புரதம். ஹார்மோன் வந்து அதில் பொருந்தினால்தான் செல்லுக்குள் வேலை தொடங்கும். பிரெய்ரி எலியின் மூளையில் இன்ப உணர்வு சம்பந்தப்பட்ட பகுதிகளில் இந்த ஏற்பிகள் நிறைய இருக்கின்றன. மற்ற எலிகளுக்கு அங்கே குறைவு. அதே மழைதான் எல்லா வயலிலும் பெய்கிறது, விளைச்சல் மண்ணைப் பொறுத்தது. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் லாரி யங்கின் குழு 2004-இல் இதைச் சோதித்துக் காட்டியது. ஜோடி சேராத மெடோ வோல் ஆணின் மூளையில் வாசோபிரசின் ஏற்பிக்கான மரபணுவைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். அந்த எலி ஒரு துணையோடு ஒட்டிக்கொண்டது.

ஏற்பிகள் இன்ப உணர்வுப் பகுதியில் இருப்பதற்கும் காரணம் உண்டு. அங்கே டோபமைன் என்ற நரம்புக்கடத்தி வேலை செய்கிறது. ‘இது வேண்டும், மறுபடியும் வேண்டும்’ என்று நம்மை இழுப்பது அதுதான். ஆக்சிடோசின் ‘இவர் யார்’ என்பதைப் பதிக்கிறது, டோபமைன் ‘இவரோடு இருப்பது நல்லது’ என்பதைச் சேர்க்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே ஆளோடு பிணையும்போதுதான், ஊரில் ஆயிரம் பேர் இருந்தாலும் ஒருவர் மட்டும் வேறாகத் தெரிகிறார்.

இந்த எலிகளை ஏகபத்தினி விரதர்கள் என்று புகழ்வதற்கும் இல்லை. மரபணுச் சோதனையில் சில குஞ்சுகளின் தகப்பன் வேறு எலி என்று தெரிந்திருக்கிறது. சேர்ந்து வாழ்வதும் உடலளவில் உண்மையாக இருப்பதும் மூளையைப் பொறுத்தவரை ஒன்றல்ல.

தகப்பன் உடலும் மாறும்

பெற்றவள் உடல் மாறுவது இயற்கை. தகப்பனுக்கு என்ன மாற்றம் என்று கேட்கலாம். பிலிப்பைன்ஸின் செபு நகரில் 624 இளைஞர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. திருமணமாகித் தகப்பனானவர்களிடம் டெஸ்டோஸ்டிரோன் அளவு கணிசமாகக் குறைந்தது. அவர்களுள்ளும் ஒரு நாளில் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்களிடம் இன்னும் குறைவாக இருந்தது. போட்டிக்கும் துணை தேடுவதற்கும் உந்தும் ஹார்மோன் தணிந்து, உடல் வளர்ப்புக்கு ஏற்றபடி மாறுகிறது. இஸ்ரேலின் ரூத் ஃபெல்ட்மன் செய்த ஆய்வுகளில், குழந்தையைத் தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடும் தகப்பன்மாரிடம் ஆக்சிடோசின் கூடியது. தாய்மார்களிடம் கொஞ்சி வருடும்போது கூடியது.

ஆக, ஹார்மோன் வந்ததால் கவனிப்பு வருகிறது என்பது பாதி உண்மை. கவனித்ததால் ஹார்மோன் வருகிறது என்பது மறுபாதி. குழந்தையைத் தூக்காத தகப்பனுக்குப் பாசம் தானாக ஊறிவிடும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

பேன் பார்க்கும் குரங்கும் சேர்ந்து சிரிக்கும் மனிதர்களும்

உறவு என்றால் தாய்-பிள்ளை, கணவன்-மனைவி மட்டும்தானா? நட்பும் ஊரும் எப்படி ஒட்டிக்கொள்கின்றன? குரங்குகள் மணிக்கணக்கில் ஒன்றுக்கொன்று பேன் பார்க்கின்றன. சுத்தம் மட்டும் காரணம் என்றால் அவ்வளவு நேரம் தேவையில்லை. பேன் பார்க்கும்போது எண்டார்ஃபின் என்ற வலிநிவாரணி மூளையில் சுரக்கிறது. நம் உடலே தயாரிக்கும், மார்ஃபினைப் போன்ற பொருள் அது. இதமாக இருக்கும், பக்கத்தில் இருப்பவரோடு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கத் தோன்றும்.

மனிதர்கள் பெரிய கூட்டமாக வாழ்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பேன் பார்க்க நேரம் ஏது? சேர்ந்து சிரிப்பது, சேர்ந்து பாடுவது, சேர்ந்து ஆடுவது ஆகியவை ஒரே நேரத்தில் பலரிடம் அதே வேலையைச் செய்கின்றன என்கிறார் ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பார். நகைச்சுவைக் காட்சிகளைச் சேர்ந்து பார்த்து வாய்விட்டுச் சிரித்தவர்கள் அதன்பின் வலியைக் கூடுதலாகத் தாங்கினார்கள் என்று அவர் குழு காட்டியது. பின்லாந்தின் துர்க்கு நகர ஆய்வாளர்கள் 2017-இல் மூளையை ஸ்கேன் செய்து, நண்பர்களோடு சிரிக்கும்போது இந்த வகைப் பொருள்கள் சுரப்பதை நேராகவே கண்டார்கள்.

உறவின் இன்னொரு பலன் பயம் குறைவது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜேம்ஸ் கோன் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் 16 திருமணமான பெண்கள் பங்கேற்றார்கள். லேசான மின்அதிர்ச்சி வரலாம் என்று சொல்லிவிட்டு அவர்கள் மூளையை ஸ்கேன் செய்தார்கள். கணவர் கையைப் பிடித்திருந்தபோது ஆபத்துக்கு எதிரான மூளையின் பதற்றம் குறைந்தது. முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்தால் அவ்வளவு குறையவில்லை. மணவாழ்க்கை நன்றாக இருந்தவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது. தொடுவது மட்டும் போதாது, யார் தொடுகிறார் என்பதையும் மூளை கணக்கில் எடுக்கிறது.

ஸ்பிரே சொன்னதும் சொல்லாததும்

2005-இல் சூரிக் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று உலகம் முழுதும் பேசப்பட்டது. ஒரு விளையாட்டு. தன்னிடம் உள்ள பணத்தில் விரும்பியதை முகம் தெரியாத ஒருவரிடம் ஒப்படைக்கலாம். ஒப்படைத்தது மூன்று மடங்காகும். அதில் பங்கைத் திருப்பித் தருவதும் தராததும் அவர் இஷ்டம். மூக்கில் ஆக்சிடோசின் ஸ்பிரே அடித்துக்கொண்ட 29 ஆண்களில் 13 பேர் முழுப் பணத்தையும் ஒப்படைத்தார்கள். மருந்து இல்லாத வெறும் ஸ்பிரே அடித்துக்கொண்ட 29 பேரில் 6 பேர்தான் அப்படிச் செய்தார்கள். ‘நம்பிக்கையை வளர்க்கும் ஹார்மோன்’ என்று செய்தி பரவியது.

29 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. 2020-இல் 677 பேரை வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான எர்ன்ஸ்ட் ஃபேரும் இதில் இருந்தார். ஸ்பிரேயால் பொதுவாக நம்பிக்கை கூடியதாகத் தெரியவில்லை. தன் பழைய முடிவைத் தானே மறுசோதனைக்கு உட்படுத்தி, வந்த முடிவை வெளியிட்டது அறிவியலுக்கு அழகு. மூக்கில் அடிக்கும் மருந்தில் எவ்வளவு மூளைக்குள் போகிறது என்பதே இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு இந்த ஸ்பிரே உதவும் என்று பல பெற்றோர் நம்பினார்கள். 3 முதல் 17 வயது வரையிலான 290 பேருக்கு 24 வாரங்கள் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது. வெறும் ஸ்பிரே பெற்றவர்களைவிடப் பழகும் தன்மையில் முன்னேற்றம் எதுவும் இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் கார்ஸ்டன் டி ட்ரூ 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பிரே பெற்றவர்கள் தம் அணிக்கு விட்டுக்கொடுத்தார்கள், எதிரணியிடம் தற்காப்போடு முந்திக்கொண்டார்கள். இதுவும் ஸ்பிரே ஆய்வுதான் என்பதால் அதே எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பிற குட்டியை முட்டும் தாய் ஆட்டோடும் வேற்று ஆணைக் கடிக்கும் எலியோடும் இது பொருந்துகிறது. ‘நம்மவர்’ என்ற உணர்வு கெட்டிப்படும்போது ‘அடுத்தவர்’ என்ற கோடும் சேர்ந்தே விழுகிறது. உலகத்துக்கே ஆக்சிடோசின் கொடுத்தால் சண்டை ஓய்ந்துவிடும் என்று நினைப்பது தவறு.

2023-இல் எலி ஆய்விலேயே ஒரு திருப்பம் வந்தது. சான் பிரான்சிஸ்கோ, ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் மரபணுவைத் திருத்தி, ஆக்சிடோசின் ஏற்பியே இல்லாத பிரெய்ரி எலிகளை உருவாக்கினார்கள். அவையும் ஜோடி சேர்ந்தன, குட்டி போட்டன, பாலும் கொடுத்தன. பால் குறைவு என்பதால் பிழைத்த குஞ்சுகள் மட்டும் குறைந்தன. பிறப்பிலிருந்தே ஒரு வழி அடைபட்டால் மூளை வேறு வழிகளைக் கண்டுபிடித்துக்கொள்கிறது போலும். இவ்வளவு முக்கியமான காரியத்தை இயற்கை ஒரே ஹார்மோனை நம்பி விட்டுவைக்கவில்லை.

வளர்ப்பு விடும் தடம்

மான்ட்ரியலில் மைக்கேல் மீனி எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகள், சிறுவயதுக் கவனிப்பு எவ்வளவு ஆழமாகப் பதிகிறது என்பதைக் காட்டின. தாய் அதிகமாக நக்கிக்கொடுத்த குஞ்சுகள் வளர்ந்த பிறகு எளிதில் பதறவில்லை. மன அழுத்த ஹார்மோன்கள் அவற்றுக்குச் சீக்கிரம் தணிந்தன. குறைவாக நக்கும் தாயின் குஞ்சை அதிகமாக நக்கும் தாயிடம் வளர்த்தால், அது வளர்த்தவளைப் போலவே ஆனது. தானும் தாயானபோது தன் குஞ்சுகளை அதிகமாக நக்கியது.

மனிதர்களிடம் இப்படி ஆய்வு செய்ய முடியாது. ஆனால் வரலாறு ஒரு கொடுமையான சோதனையைச் செய்தது. ருமேனியாவில் சௌஷெஸ்கு ஆட்சி 1989-இல் விழுந்தபோது, பல்லாயிரம் குழந்தைகள் அரசு விடுதிகளில் இருந்தார்கள். சாப்பாடு கிடைத்தது, தூக்கிக் கொஞ்ச ஆள் இல்லை. பின்னர் புகாரெஸ்டில் தொடங்கிய ஆய்வு 136 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தது. அவர்களில் பாதிப் பேருக்கு வளர்ப்புக் குடும்பம் கிடைத்தது. இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்களிடம் ஒட்டுதலும் அழுத்தத்தைத் தாங்கும் உடல் எதிர்வினையும் பெரும்பாலும் சீராயின. தாமதமாகப் போனவர்களுக்கு அவ்வளவு பலன் இல்லை. வளர்த்தவர்கள் பெற்றவர்கள் அல்ல என்பது இங்கே தடையாக இருக்கவில்லை.

செய்ய வேண்டியது

பாசம் ஊசியில் வராது, ஸ்பிரேயிலும் வராது. ஹார்மோன் உறவுக்கு இடம் தயார் செய்யும். அந்த இடத்தை நிரப்புவது நாள்தோறும் நடக்கும் தொடுதல், பேச்சு, கவனிப்பு. பிள்ளையைப் பெற்றதும் உடனே பாசம் பொங்கவில்லை என்று தன்னைக் குறை சொல்லிக்கொள்ளும் தாய்மார்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிசேரியனில் பெற்றவர்களும் தத்தெடுத்தவர்களும்கூட. ஆட்டுக்குச் சில மணி நேரம்தான் கெடு. மனிதருக்கு அப்படி ஒரு கெடு இல்லை. பல வாரங்களாகியும் மனம் சோர்ந்தே இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும், அது குணமாகக்கூடிய நோய்.

கடைசியாக, இந்த அறிவு நேராகப் பயன்படும் ஓர் இடம். எடை குறைவாகப் பிறந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோல்படக் கட்டி வைத்திருப்பதைக் கங்காரு பராமரிப்பு என்கிறார்கள். இன்குபேட்டர் பற்றாக்குறையால் 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய முறை இது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் 3,211 குழந்தைகளிடம் நடந்த உலக சுகாதார நிறுவன ஆய்வு 2021-இல் வெளியானது. பிறந்த உடனே இப்படி வைக்கப்பட்ட குழந்தைகளில் முதல் 28 நாட்களில் இறந்தவர்கள் 12 சதவீதம். நிலைமை சீரான பிறகு வைக்கப்பட்டவர்களில் 15.7 சதவீதம். இதற்கு உடல் சூடு, தாய்ப்பால், தொற்று குறைவது எனப் பல காரணங்கள் உண்டு; ஹார்மோன் அவற்றில் ஒரு பங்கு மட்டுமே. 2022 முதல் உலக சுகாதார நிறுவனமும் இந்த முறையையே பரிந்துரைக்கிறது. உங்கள் வீட்டில் எடை குறைந்த குழந்தை பிறந்தால், கங்காரு பராமரிப்பு உடனே தொடங்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தாயால் முடியாத நேரத்தில் தகப்பனோ பாட்டியோ மார்போடு வைத்துக்கொள்ளலாம்.